தானே அணையும் அடுப்பு

கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்து, முருகம்மாள் அடுப்பை ஊதினாள். குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிற சைஃபின் பாத்திரக் கடையில், கண்ணாடி மேசைமேல் எரிந்துகொண்டிருந்தது அந்தச் சின்ன கேஸ் அடுப்பு. தீ படுத்து எழுந்தது. இன்னொரு தடவை ஊதினாள். அணைந்துவிட்டது. அதைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "தூஸ்ரா திகாவ்" என்றாள். வேறொன்றைக் காட்டச் சொல்லி அவள் கேட்பது அன்றைக்கு எத்தனையாவது தடவை என்று சைஃப் எண்ணுவதை நிறுத்தியிருந்தான்.

எந்தச் சாமானையும் அவள் இப்படித்தான் வாங்குகிறாள். துடைப்பம் என்றால் கடையை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பெருக்கிப் பார்ப்பாள். குடை என்றால் விரித்துப் பிடித்து, தண்ணீர் பாட்டிலை அதன்மேல் கவிழ்ப்பாள். தாராவியில் தலையணை வாங்கப் போனபோது கடைப் பெஞ்சிலேயே சாய்ந்து கண்ணை மூடினவள், கடைக்காரர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை. கேட்டால், "காசு குடுத்த பெறவு நாம அழுது என்னத்துக்கு? குடுக்கதுக்கு முன்னால அவன் அழட்டும்" என்பாள்.

அன்றைக்கு அவளுடைய பையில் ஒரு பாக்கெட் பாலும் இருந்தது. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன் என்றாள். சைஃப் கைகூப்பினான். கேஸ் டப்பா செலவானதோடு போகட்டும், கண்ணாடி மேசையில் பால் வழிந்தால் சாயங்காலம்வரை ஈ மொய்க்கும், பக்கத்துக் கடைக்காரன் சிரிப்பான் என்று கெஞ்சினான். பாலைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தச் சலுகையை விலை பேசும்போது ஞாபகப்படுத்தவும் செய்தாள்.

இந்தப் பொங்கும் கவலைக்குக் காரணம் இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடிசைகள் இருந்த காலத்தில், தைப் பொங்கலன்று தெருவை அடைத்துப் பானைகள் ஏறும். எந்தப் பானை முதலில் பொங்குகிறதோ அந்த வீட்டுக்காரி முதல் குலவை போடுவாள். அப்புறம்தான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம். அந்த முதல் குலவை வருஷா வருஷம் முருகம்மாளுடையது. அவள் நாக்கு சுழலத் தொடங்கினால் சயான் பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். மறுத்துச் சொல்ல யாரும் பஸ்ஸில் ஏறிப் போய்க் கேட்டதில்லை.

குடிசைகளை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிக் கொடுத்தார்கள். நாலாவது மாடியில் முருகம்மாளுக்கு ஒரு வீடு. எதிர்க் கதவு முப்பிடாதியம்மாளுடையது. புதுக் கட்டடத்தின் முதல் பொங்கலுக்கு விறகு கூடாது, சுவர் கறுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். முருகம்மாள் வயர் இழுத்து, கரண்ட் அடுப்பைக் கீழே கொண்டுவந்தாள். ஊரிலிருந்து வந்த வெண்கலப் பானையை அதன்மேல் வைத்தால், இப்படி ஒரு பாத்திரத்தை நான் பார்த்ததே இல்லை என்பதுபோல் அது சூடேறாமல் கூவிக்கொண்டே இருந்தது. எவர்சில்வர் சட்டிக்கு மாற்றி ஊற்றுவதற்குள், வீட்டு சிலிண்டரையே லிஃப்ட்டில் இறக்கியிருந்த முப்பிடாதியம்மாளின் பானை பொங்கிவிட்டது. முதல் குலவை அவளுடையதாயிற்று. முருகம்மாளின் பானை பொங்காமலே மாடியேறிப் போயிற்று.

அதோடு போகவில்லை. மாசியில் லிஃப்ட் நின்றது. ஆனியில் தண்ணீர் மோட்டார் எரிந்தது. ஏழாவது மாடியில் நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றது. ஒவ்வொன்றுக்கும் கட்டடத்தார் ஒரே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பேர் சொல்லமாட்டார்கள். "அந்தப் பானை" என்பார்கள். லிஃப்ட் நின்ற அன்று முப்பிடாதியம்மாள் படியேறிக்கொண்டே ஒவ்வொரு மாடியிலும் நின்று, "பொங்காத வருசம், என்ன செய்ய" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். அவளுடைய மூட்டுவலியும் அந்தப் பெருமூச்சும் முருகம்மாளின் கதவுக்கு நேரே வந்தபோது கொஞ்சம் அதிகமாயின.

இந்த வருஷம் சொசைட்டி செயலாளர் வேல்ராஜ் முன்கூட்டியே விதிகளை அறிவித்துவிட்டான். நல்ல பையன்தான், செயலாளர் ஆன நாளிலிருந்து எல்லாரையும் "மரியாதைக்குரிய மெம்பர்கள்" என்று கூப்பிடுகிறான், சொந்த மாமியாரையும். விறகு கூடாது. பனையோலை கூடாது. வயர் இழுக்கக் கூடாது, போன தடவை ஃபியூஸ் போயிற்று. சிலிண்டர் இறக்கக் கூடாது, போன தடவை தரையில் பதித்த கற்களில் ஒன்று உடைந்தது. புகை வராத, கனம் இல்லாத, கையில் தூக்கிப் போகிற அடுப்புக்கு மட்டும் அனுமதி. பொங்கல் வைப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வசதியாக அமைந்த விதிகள்.

அப்படி ஓர் அடுப்பு இருப்பதை முருகம்மாள் செம்பூரில் பார்த்திருந்தாள். அங்கே சங்கரன், விஜயலக்ஷ்மி என்று ஓய்வுபெற்ற தம்பதி வீட்டில் அவள் சமையல் செய்கிறாள். சாலையைத் தோண்டினவர்கள் கேஸ் குழாயையும் சேர்த்துத் தோண்டிய அன்று, மகன் மலையேறப் போகும்போது கொண்டுபோவதற்காக வாங்கிப் பரணில் போட்டிருந்த பெட்டி கீழே இறங்கியது. ஆபீஸ் பெட்டிபோல் கைப்பிடி. திறந்தால் ஒரு பக்கம் அடுப்பு. இன்னொரு பக்கம், கரப்பான் மருந்து டப்பா மாதிரி ஒரு கேஸ் டப்பாவைப் படுக்கவைக்க ஒரு குழி. அவ்வளவுதான். விஜயலக்ஷ்மி வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் போனோடு, பாதி உடம்பு வெளியே பாதி உள்ளே என்று நின்றாள். சங்கரன் அந்த கேஸின் குணநலன்களை அரைமணி நேரம் விளக்கினார். அவர் அடுப்பைத் தொடவில்லை. பெட்டியோடு வந்த காகிதத்தில் இன்னும் படிக்க வேண்டியது பாக்கி இருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு, இதில் பால் நன்றாகப் பொங்குமா என்று மட்டும் முருகம்மாள் கேட்டாள்.

"எதுக்குப் பொங்கணும்? சிம்ல வெச்சுக்கோயேன்" என்றார் சங்கரன்.

அவர்கள் வீட்டுப் பொங்கல் குக்கரில். குக்கரின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, முதல் விசில் வந்ததும் புருஷனும் மனைவியும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் "பொங்கலோ பொங்கல்" என்பார்கள். அதனால் முருகம்மாள் அவரிடம் மேற்கொண்டு கேட்கவில்லை.

குர்லாவில், கடைசியில் சைஃப் மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கினான். இரட்டை வளையமாகத் தீ, சுற்றிலும் காற்று மறைப்பு. ஊதினாள், அணையவில்லை. முந்தானையால் விசிறினாள். கடையின் மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். தீ ஒரு பக்கம் சாய்ந்து நின்று, அணைய மறுத்தது. அப்போது சைஃப், கேஸ் டப்பாவைப் பூட்டுகிற சின்னப் பிடியைக் காட்டினான். டப்பா அளவுக்கு மீறிச் சூடானால் இந்தப் பிடி மேலே துள்ளிவிடும், கேஸ் நின்றுவிடும், வெடிக்கவே வெடிக்காது.

"அப்னே ஆப் பந்த் ஹோ ஜாயேகா, மௌசி" என்றான். தானே அணைந்துவிடுமாம்.

அந்த ஒரு வார்த்தையில் முருகம்மாள் விழுந்தாள். அவள் வீட்டில் எதுவும் தானே அணைந்ததில்லை. விளக்கு, ஃபேன், டிவி, புருஷனுடைய பேச்சு, எல்லாவற்றையும் அவள்தான் எழுந்துபோய் அணைக்க வேண்டியிருந்தது.

நல்ல சாமான் வாங்கினால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க அவளால் முடியாது. அந்த வாரம் முழுவதும் அவள் லிஃப்ட்டில் ஏறினால், எந்த மாடிக்குப் போகிறவர்களும் நாலாவது மாடிவரை அடுப்பைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. ஊதிக் காட்டுவாள், பிடி எப்படித் துள்ளும் என்று விரலால் காட்டுவாள். "மனுசன் மறந்தாலும் அது மறக்காது. தானே அணைஞ்சிரும், பாத்துக்கிடுங்க" என்பாள். பெண்கள் ஒவ்வொருவராக குர்லாவுக்குப் போனார்கள். சைஃப் இருந்ததையெல்லாம் விற்று, இன்னொரு லோடு இறக்கினான். அடுத்த தடவை முருகம்மாள் கடைப்பக்கம் போனபோது, நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

முப்பிடாதியம்மாள் மட்டும் தாராவி நடைபாதையில் ஒரு மலிவான அடுப்பைப் பார்த்துவைத்திருந்தாள். சும்மா இருந்திருந்தால் முருகம்மாளுக்கு நல்லது. ஆனால் யோசனை சொல்ல ஓர் இடம் கிடைத்து, அவள் சும்மா இருந்ததாகக் கட்டடத்தில் பேச்சில்லை. ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள், கதவைத் திறந்து, எதிர்க் கதவைப் பார்த்து, நடைபாதை அடுப்பு வெடித்தால் தன் வீட்டுக் கதவும் சேர்ந்துதானே போகும் என்று சத்தமாகத் தன் மகளிடம் சொன்னாள். மறுநாள் முப்பிடாதியம்மாளின் கையிலும் கறுப்புப் பெட்டி.

பெட்டிக்குள் மடித்துவைத்திருந்த காகிதத்தை மகள் இசக்கிசெல்விதான் பிரித்தாள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். இங்கிலீஷ் மளமளவென்று வரும். முருகம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். படங்கள் போட்டு, அவற்றின்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

"பெரிய பானை ஏத்தப் பிடாதாம்."

"ம்."

"சுத்தித் தகரம் கிகரம் வச்சி மறைக்கப் பிடாதாம். அடுப்புக்குப் பக்கத்துல இன்னொரு அடுப்பு வைக்கப் பிடாதாம்."

"ம்."

"பொங்கி வழிய விடப் பிடாதாம்மா."

முருகம்மாளின் விரல் அரிசியில் நின்றது. "பொங்கப் பிடாதுன்னா பெறவு எதுக்குட்டி அது அடுப்பு?"

 அது மலை உச்சியில் நூடுல்ஸ் கிண்டுகிறவனுக்கு எழுதினது, நமக்கு இல்லை என்று முருகம்மாளே முடிவு சொல்லி, காகிதத்தை வாங்கி, எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் விரித்தாள். வழவழப்பான நல்ல காகிதம்.

பொங்கலன்று காலையில் வெண்கலப் பானைகள் லிஃப்ட்டில் இறங்கின. கட்டடத்தின் முன்னால், மதில் ஓரமாக, கிழக்குப் பார்த்து ஒரே வரிசையாக அடுப்புகள். கிழக்கே சூரியன் தெரியாது. பக்கத்துக் கட்டடம் நிற்கிறது. அதனால் சூரியன் உதித்த செய்தியை வேல்ராஜ் போனைப் பார்த்து அறிவித்தான். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே புகுந்து வந்த தைக் காற்று வரிசையை நேராகத் தாக்கியது. முருகம்மாள் இதற்கும் ஏற்பாடு செய்திருந்தாள். எண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்தின தகரத்தை ஒவ்வொரு அடுப்பையும் சுற்றி நிறுத்தச் சொன்னாள். இடுப்பில் கைவைத்து வரிசையின் தலைக்கும் வாலுக்கும் நடந்தாள். அடுப்பை நெருக்கிப் போடுங்கள், ஒன்றுக்கொன்று மறைப்பாக இருக்கும் என்றாள். ஊர்ப் பானை ஏறி உட்கார்ந்ததும் அடுப்பு கண்ணுக்கே தெரியவில்லை. பானைகள் தகரத்தின்மேல் மிதப்பதுபோல் இருந்தன.

அரிசி களைந்த தண்ணீரும் பாலும் ஊற்றி, மஞ்சள்குலை கட்டி, எல்லாரும் காத்திருந்தார்கள். பக்கத்து அடுப்பு முப்பிடாதியம்மாளுடையது. அவள் அவசரத்தில் அகப்பையை மேலேயே மறந்து வந்துவிட்டாள். லிஃப்ட்டில் இன்னும் பானைகள் இறங்கிக்கொண்டிருந்ததால் எடுக்கவும் போக முடியவில்லை. அவள் வெறுங்கையைப் பிசைவதை முருகம்மாள் கவனித்தாள். தன் அகப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு, எல்லாரும் பார்க்கும்படி மாற்றிக்கொண்டாள். கேட்டால் கொடுக்கக் கூடாது என்றும் தீர்மானித்துக்கொண்டாள். முப்பிடாதியம்மாள் கேட்கவில்லை.

வேல்ராஜ் போனை உயர்த்திப் பிடித்து, ஊர் குரூப்புக்கு வீடியோ எடுக்கத் தயாரானான். வள்ளியூரிலும் திசையன்விளையிலும் சொந்தக்காரர்கள் காத்திருப்பதாகச் சொன்னான். யாரும் முந்தானையால் முகத்தை மறைக்க வேண்டாம் என்று மெம்பர்களைக் கேட்டுக்கொண்டான்.

முருகம்மாளின் பானையில் நுரை வளையம் கட்டியது. மெல்ல மேலேறி, கழுத்தைத் தொட்டு, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. அவள் நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள்.

டக்.

சின்னச் சத்தம்தான். நுரை ஒரு தடவை மூச்சு விட்டதுபோல் எழும்பி, அப்படியே உள்ளே அமிழ்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். தகரத்துக்குள்ளே, பெரும் பானையின் நிழலில் வெந்துகிடந்த கேஸ் டப்பா கையைச் சுட்டது. பிடி மேலே துள்ளி நின்றது. அமுக்கினாள். டக். மறுபடி அமுக்கினாள். டக். சைஃப் கொடுத்த வாக்கை அடுப்பு அட்சரம் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வரிசையின் கோடியில் இன்னொரு டக். அப்புறம் நடுவில். அப்புறம் பக்கத்தில் முப்பிடாதியம்மாளுடையது. கொஞ்ச நேரத்துக்கு டக் டக் என்று வரிசை முழுக்க ஓடி, ஓய்ந்தது. ஒரு பானைகூடப் பொங்கவில்லை. சூடான பாலும் குளிர்ந்த காற்றும் மஞ்சள் வாசனையுமாக எல்லாரும் நின்றார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லாத் தலைகளும் முருகம்மாள் பக்கம்தான் திரும்பின.

"தானே அணையும் தானே அணையும்னு சொன்னியளே, மயினி" என்றாள் முப்பிடாதியம்மாள், வருத்தப்படுகிற குரலில். "நெசமாவே அணைஞ்சிட்டு."

ஒரு வருஷத்துக்கான கணக்கு முருகம்மாளின் கண்முன் ஓடியது. லிஃப்ட்டும் மோட்டாரும் நிற்கிற கல்யாணங்களும் இருக்கட்டும். இனி அந்தக் கட்டடத்தில் ஒரு குழாய் சொட்டினாலும், ஒரு பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டாலும், படியேறி வந்து அவள் கதவுக்கு முன்னால் பெருமூச்சு விடுவார்கள். போன வருஷம் ஒரு பானை. இந்த வருஷம், அவள் வாங்கச் சொன்ன அடுப்பால், கட்டடத்துப் பானைகள் எல்லாமே "அந்தப் பானை" ஆகிவிட்டன.

அவள் பானைக்கு முன்னால் போய்க் குனிந்தாள். வேல்ராஜும் மற்றவர்களும் நிற்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். பதம் பார்ப்பதுபோல் அகப்பையை உள்ளே விட்டாள். அகப்பையின் முதுகால் பாலைக் கிழக்குப் பக்கமாக ஓர் அமுக்கு அமுக்கினாள். ஓர் அகப்பைப் பால் விளிம்பு தாண்டி, மஞ்சள்குலையை நனைத்து, பானையின் வயிற்றில் இறங்கி, அணைந்தும் ஆறாத அடுப்பில் விழுந்து சுர்ரென்றது.

நிமிர்ந்தாள். குலவை போட்டாள்.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே அது ஏறிப் போன வேகத்தில் ஜன்னல் ஓரத்துப் புறாக்கள் கலைந்தன. மேல் மாடிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுர்ரென்ற சத்தத்தைக் கேட்டவர்கள், பொங்கின தடத்தைப் பானையில் கண்டார்கள். கண்டதும் அவர்கள் நாக்கும் சுழல ஆரம்பித்தது. ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. தோளோடு தோளாக நின்றிருந்த முப்பிடாதியம்மாள், அமுக்கினதிலிருந்து நிமிர்ந்ததுவரை எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு வருஷத்துக்குப் போதுமான சந்தோஷம் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் வேல்ராஜ் போனோடு ஓடிவந்தான். போன் புறாக்களைப் படம் பிடிக்கப் போய்விட்டது, பானை பொங்கினது வீடியோவில் விழவில்லை, ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள் என்றான்.

"சித்தி, ஒரே ஒரு தடவை திரும்பப் பொங்க வைங்களேன். நான் பக்கத்துல நின்னே எடுத்துக்கிடுதேன்."

முருகம்மாள் பானையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பக்கத்தில் வெறுங்கையோடு நிற்கிறவளுடைய அமிழ்ந்துபோன பானையையும் பார்த்தாள்.

"எம் பானை பொங்கியாச்சி" என்றாள். "இந்தா, இவ பானையிலதான் இப்பம் வரப்போகுது. சித்த நேரம் அந்தால தள்ளி நின்னு எடு."

சொல்லிவிட்டு, முந்தானை நுனியால் அகப்பையை நன்றாகத் துடைத்தாள். காம்பை முப்பிடாதியம்மாள் பக்கம் திருப்பி, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.